சிட்டு ஒன்பது அடி நடந்தாள்

"ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை. சிட்டு ஒன்பது அடி நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அக்கா அழவில்லை."

அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய டைரியில் நான் எழுதிவைத்த வரிகள் இவை. அச்சாகியிருந்த தேதிகள் முடிந்துபோன வருடத்துக்கு உரியவை என்பதால் அவற்றை அடித்துவிட்டு, தமிழ் மாதத்தையும் கிழமையையும் மட்டும் குறித்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது என்பதைக் கொண்டுதான் வருடத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் கொள்ளு வேகும் மணம் இன்றும் வருவதுபோல் இருக்கிறது.

அப்பாவுக்குச் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் வேலை. அம்மா வேறொரு ஊரில் நர்சாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள். முந்தைய வகுப்பில் வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை என்பதால் பள்ளியில் எனக்குத் தோழி என்று ஒருத்தியும் அமையவில்லை. நாலரை மணிக்கு வீட்டைத் திறந்தால் அப்பா வரும் ஏழு மணி வரை பேச ஆள் கிடையாது. மதியம் மிச்சம் வைத்த சோற்றை எடுத்துக்கொண்டு பின்புறத்துக் குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, அடுத்த வீட்டுக் குதிரையைப் பார்த்தபடி சாப்பிடுவதே வழக்கமாயிற்று.

அது ஊர்வலக் குதிரை. காதுகுத்து வீட்டுக்குத் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வரும்போது, மேளத்துக்கு முன்னால் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடிப்போகும் வெள்ளைப் பெண்குதிரை, பெயர் சிட்டு. அதை நடத்திப்போன அந்த வீட்டுக்காரர் வாசுதேவநல்லூர் போகும் வழியில் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ராயகிரியில் ஒரு காதுகுத்துக்கு வருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். குதிரை அதற்குப் போகாவிட்டால் புளியங்குடித் தரகரிடம் விற்றுவிடுவது என்று அவருடைய தம்பி முடிவு செய்துவிட்டார். "நானே நடத்திட்டுப் போறேன்" என்று சொன்னவள் அந்த வீட்டுக்காரரின் மனைவி முப்புடாதி அக்கா. அவளுக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. அதுவரை சிட்டுவுக்குக் கொள்ளு அவித்துத் தந்ததைத் தவிர அதன் கயிற்றைக்கூடத் தொட்டதில்லை.

"வளையலக் கழத்தி வச்சிருங்க மதினி. உடஞ்சா கையக் கிழிச்சிரும்" என்று தம்பிதான் முதல் நாள் சொன்னார். கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். குதிரையின் முகத்துக்கு நேராக நின்று, அதன் பல்லைப் பயத்தோடு பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் கடிவாளத்தை இழுத்தாள். சிட்டு கழுத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. ஒரு நாள் அவள் பாதத்தை மிதித்துவிட்டது. மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தாள்.

"பொம்பள பிடிச்சா குதிர சிரிச்சிரும் மதினி."

"சிரிக்கட்டும் கொழுந்தனாரே. சிரிச்சிக்கிட்டாவது ரெண்டு எட்டு வைக்கட்டும்."

உள்ளே கட்டிலில் கிடந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டாள்: "ஏங்க, நீங்க என்னதான் செய்வீங்க?"

"நான் என்னத்தச் செஞ்சேன்டி? பிடிப்பேன், நடப்பேன். அது வரும்."

அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் இழுத்துக் களைத்து, கடிவாளத்தைப் பிடித்தபடியே சிட்டுவின் தோள் பக்கம் சாய்ந்து நின்றாள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டு, செய்ய வேறொன்றும் இல்லாததால், டிபன் மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். சிட்டுவின் காது என் பக்கம் திரும்பியது. ஒரு கால் உயர்ந்தது. அக்காவைத் தோளோடு சேர்த்துக்கொண்டு அது நடந்தது. அதிர்ச்சியில் நான் தட்டுவதை நிறுத்தினேன், அதுவும் நின்றது. ஒன்பது அடி.

"ஏட்டி, நிறுத்தாத. தட்டு மக்கா, தட்டு."

அவள் என்னை நோக்கிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு டைரியில் எண்கள் ஏறுகின்றன: நாற்பது அடி, பின்வாசல் வரை, தெருமுனை வரை. முகத்துக்கு எதிரே நிற்காமல் இடது தோளருகே நடக்கவும், குதிரையைப் பார்க்காமல் போகிற வழியைப் பார்க்கவும், காது பின்னால் மடங்கினால் கயிற்றைத் தளர்த்தவும் அவளாகவே கண்டுபிடித்தாள். நான் மூடியைத் தட்டிக்கொண்டு கூடவே போனேன். தெருப்பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த நாட்களில்தான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று கோயிலுக்குப் போவதற்காக அவள் வளையலைப் போட்டிருந்தாள். திரும்பி வந்ததும் கழற்ற மறந்து கடிவாளத்தைப் பிடித்தாள். நான் மூடியை எடுக்கும் முன்பே சிட்டு நடந்தது. கை அசைய அசைய வளையல்கள் கடிவாள வளையத்தில் பட்டுக் கலகலத்தன. அவள் நின்று, கையைப் பார்த்து, ஓட்டமாக உள்ளே வீட்டுக்காரரிடம் போனாள். அவர் கையில் ஓர் இரும்புக் காப்பு உண்டு.

"உங்க காப்பு இடிக்குமா கடிவாளத்துல?"

"இடிக்கும். எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. நீங்க தூங்குங்க."

அன்று மாலை தண்ணீர்த்தொட்டி விளிம்பில் கால்வைத்துக் குதிரை மேலேயே ஏறி உட்கார்ந்தாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து, தெருவை ஒரு சுற்று வந்தாள். தம்பி வாசலில் நின்று பார்த்தார். குதிரை திரும்பி வருவதற்குள் வழியில் கிடந்த வாளியை எடுத்து ஒதுக்கிவைத்தார். நான் சுவரில் இருந்தேன். கையில் மூடி இருந்தது. அன்றைய பக்கத்தில் "அக்கா ஏறிவிட்டாள். நான் தட்டவில்லை" என்று மட்டும் இருக்கிறது.

ஆடி முடிவதற்குள் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புறப்படும் காலையில் சுவர் வழியாக அந்த மூடியை அக்காவிடம் நீட்டினேன்.

"வளையல் உடஞ்சா வேணும்லா?"

"கிறுக்கி, அப்ப சோத்த எதக் கொண்டு மூடுவ?" என்று சொன்னாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று நான் வேறு ஊரில், வேறொரு புதுப் பள்ளியில் இருந்தேன். அந்த நாளுக்கு நான் ஒதுக்கிய பக்கம் காலியாகவே கிடக்கிறது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுவைக்காதது என் பிழை.

சென்ற தைமாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். இரண்டு வீடும் இல்லை. சுவர் இருந்த இடத்தில் செல்போன் கடையின் ஷட்டர். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் விசாரித்தேன்.

"குதிரக்கார முப்புடாதியா? அவ எப்பமோ வீட்டக் குடுத்துட்டுப் போயிட்டா. கை நெறைய வளையலோட குதிரயக் கூட்டிட்டுப் போவா, பாத்திருக்கேன். பின்னாலயே ஒரு சின்னப் பிள்ள மூடியத் தட்டிக்கிட்டே போவும்."

"அது எப்போ, ராயகிரி காதுகுத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டேன்.

"ராயகிரியா? அதெல்லாம் யாருக்குத் தெரியும் தாயி."

வளையல் போட்டுக்கொண்டு அவள் நடத்திப்போன நாட்களில் நான் மூடியைத் தட்டவில்லை. டைரி அதில் தெளிவாக இருக்கிறது. பூக்காரம்மாள் இரண்டு நாளை ஒன்றாக்கிச் சொல்லியிருக்கலாம். அல்லது நான் போன பிறகு வேறு ஒரு பிள்ளை அந்தச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கலாம். சிட்டு ராயகிரிக்குப் போனதா என்பதும், அந்தப் பிள்ளை யார் என்பதும் இதுவரை உறுதிப்படவில்லை.