வேம்புக்குப் பதிலாக ஒரு பூச்செடி

இந்த வயதில் போனில் தமிழ் தட்டக் கை பழகிவிட்ட சந்தோஷத்தில் முகநூலில் மெல்ல எழுத உட்கார்ந்தால், கிடைத்த சேதி இதுதான்.

போன வாரம் விமான நிலையத்து ஆட்கள் வந்து எங்கள் வீட்டு வேப்பமரத்தை அடியோடு வெட்டினார்கள். விமானம் இறங்கும் வழியில் உயரமாக நிற்கிறதாம். பக்கத்தில் கஜா பெராங் கோயிலில் நடக்கும் அம்மன் திருவிழாவுக்கு அந்த மரத்திலிருந்துதான் வேப்பிலை போகும்.

இன்று அதே விமான நிலையத்திலிருந்து இன்னொரு தம்பி வந்தார். கையில் ஒரு பூச்செடி. ‘கரியமில வாயுவைக் குறைப்போம்’ என்று சட்டையில் எழுதியிருந்தது.

“இதப் பிடிங்க அங்கிள், ஒரு போட்டோ. மரம் நடுறோம்னு ஏர்போர்ட்டு வாக்குக் குடுத்திருக்கு லா.”

“இது மரமாப்பா?”

“இடுப்பு உசரத்துக்கு மேல வளராது. சேஃப்.”

“அப்ப வெட்டின வேம்பு எந்தக் கணக்குல வரும்?”

“அது வேற டிபார்ட்மென்ட், அங்கிள்.”

படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவி அந்தச் செடியைப் பார்த்துவிட்டு, “கரகத்துக்கு இதையா கட்டுறது?” என்றாள்.

திருவிழாவுக்கு வேப்பிலை வேண்டும். யார் வீட்டிலாவது மரம் இருந்தால் சொல்லுங்கள். உயரமான மரமென்றால் மட்டும் இங்கே எழுதாமல் நேரில் வந்து சொல்லுங்கள். விமான நிலையத்திலும் இதைப் படிப்பார்கள்.