அதே மூன்று பாட்டு

இரத்தினபுரியில் கஹவத்தை பஸ் ஏறியபோது பக்கத்தில் அந்த இளைஞன் இருந்தான். தோள்வரை முடி, காதில் வாக்மேன். அதிலிருந்து கசிந்த இங்கிலீஷ் ஹெவி மெட்டல் எனக்குத் தகரம் சரிவதுபோல் கேட்டது. அவன் விரல்களோ முழங்காலில் ஓயாமல் டிரம்ஸ் அடித்தன.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் வாக்மேனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான், முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அவனிடம் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். ஓர் அம்மாவின் அரிசிப் பையைத் தரையில் கொட்டிக் கிளறினார்கள்.

பஸ் கிளம்பியதும், "என்ன தம்பி பேசினான்?" என்றேன்.

"இந்த மியூசிக் பேண்ட்ல புடிச்ச பாட்டு எதுன்னு கேட்டாண்ணே. மூணு சொன்னேன். அவனுக்கும் அதே மூணுதான். பேண்ட் கலைஞ்சப்ப அவனும் அழுதானாம்."

முன்சீட்டில் அந்த அம்மா, மடியில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினார். அவன் வாக்மேனைப் பைக்குள் திணித்தான்.

"அவங்க எங்க தோட்டத்து லயம்தாண்ணே, பக்கத்து வீடு," என்றான், தலை நிமிராமல்.

அந்தத் தோட்டத்துச் சந்தியில் அந்த அம்மா பையை அணைத்துக்கொண்டு இறங்கினார். அவன் எழும்பவில்லை.