மூன்று நிமிடம் ஓடவிட்ட தண்ணீர்

என் சித்தி தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருபது வருடமாகப் பெட்டி நிறையக் காலி பாட்டில்களோடு காலையில் கிளம்பி, தெருக் குழாய்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தண்ணீர் பிடித்து வருகிறாள். குழாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் பாட்டிலை நீட்டுவாள். அந்த வேலையின் முறை அது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்கும் அவள் கை அப்படியே செய்யும். வீணாகாமல் கீழே ஒரு வாளி வைத்திருப்பாள். எங்கள் வீட்டுத் தரை பளபளவென்று இருப்பதற்கு அந்த வாளிதான் காரணம்.

பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் அவள் வீட்டில் இருந்த மாதங்களில்தான் இதையெல்லாம் பார்த்தேன்.

எங்கள் கட்டடத்தில் அறுபத்து நான்கு வீடுகள். எல்லாருக்கும் சேர்த்துப் போனில் ஒரு குழு. லிஃப்ட் போன மாதம் எத்தனை நாள் நின்றது, மொட்டை மாடியில் காணாமல் போகும் துணியை எடுப்பது காற்றா ஆளா, குப்பை வண்டி சீக்கிரம் வருகிறதா நாம் தாமதமாக எழுகிறோமா என்று நாள் முழுக்கச் சண்டை நடக்கும். எந்தச் சண்டையானாலும் சித்தி நடுவில் புகுந்து மூன்று கேள்வி கேட்பாள். யார் பார்த்தது? எப்போது? எப்படி அளந்தீர்கள்? பாதிப் பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவளுக்குக் கட்டடத்தில் 'ஆதாரம்' என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தவள் எங்களுக்கு நேர் கீழ் வீட்டுத் தையலக்கா. சித்தியைவிட இரண்டு வயது மூத்தவள். மகளோடு தனியாக இருக்கிறாள். சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதிகம் பேசிப் பழகுகிறவளும் இல்லை. தையலக்காவோடு மட்டும் பேசுவாள். காலை ஆறு மணிக்குக் கீழே சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"ஆதாரம், எழுந்தாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப பேசுறது யாரு? ஆதாரம் காட்டு."

சித்தி கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டுவாள். அதன் பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

கட்டடத்தில் பழைய குழாய்களைப் பிடுங்கிப் புதுச் செம்புக் குழாய் போட்டார்கள். சில வாரம் கழித்து ஒரு காலை, தையலக்கா ஜன்னலில் சொன்னாள், "தண்ணி ஒரு மாதிரி கசக்குதுடி. பாப்பாவுக்கு அடிக்கடி வயித்து வலி வேற."

சித்திக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "குழுவுல எழுதுக்கா, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

தையலக்கா எழுதினாள். சும்மா பீதியைக் கிளப்பாதீர்கள் என்றார் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். இன்னொருவர், லேப்காரம்மா சொல்லட்டும் என்றார். சித்தி வாசல் குழாயில் மூன்று நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடித்துப் போனாள். மறுநாள் முடிவுகளை வரிசையாகக் குழுவில் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'கசப்பு நாக்கில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை.'

நாற்பத்தொரு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். சாயங்காலம் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது, தையலக்கா குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள் என்று.

மறுநாள் ஆறு மணிக்குக் குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படியில் எதிரே வந்தால் தையலக்கா போனைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். "உண்மையத்தானே சொன்னேன்" என்று சித்தி என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாள். ஆறு மணிக்குக் கையில் டம்ளரோடு ஜன்னல் பக்கம் நிற்பதை மட்டும் அவள் விடவில்லை. குழுவில் சண்டை வந்தால் எட்டிப் பார்ப்பாள், எழுத மாட்டாள். நான்கு மாதம் இப்படியே போனது.

ஒரு காலை சித்திக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டாள். குழாயைத் திறந்து பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"ஓடவிட்டியா?"

"எதுக்கு சித்தி? குடிக்கிற தண்ணிதானே."

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "கசக்குது" என்றாள். அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காய்ச்சலோடு எழுந்து இரண்டு பாட்டில் பிடித்தாள். ஒன்றில் குழாயைத் திறந்ததும் வந்த தண்ணீர், மற்றதில் மூன்று நிமிடம் கழித்து வந்தது. இரண்டாவதில் குறையே இல்லை. முதலாவதில், குடிநீரில் இருக்கலாம் என்று விதி சொல்லும் அளவைப் போல் இரண்டு மடங்கு செம்பு இருந்தது. இரவெல்லாம் புதுக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் அது. கட்டடம் முழுக்க அதைத்தான் காலையில் முதலில் குடித்திருக்கிறது. இருபது வருடப் பழக்கத்தில் சித்தி மட்டும் அதை வாளியில் ஊற்றித் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் எழுதினாள்: 'அன்று நான் சொன்னது தவறு. அளந்தது சரி, தண்ணீர்தான் வேறு. தையலக்கா சொன்னதே உண்மை.' இரண்டு முடிவுகளையும் போட்டாள். வங்கிக்காரர் கைகூப்பினார், குழாய்க்காரரைக் கூப்பிடுவதாகச் சங்கச் செயலாளர் எழுதினார். படிக்க வேண்டியவள் மட்டும் அங்கே இல்லை.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு சித்தி கீழே போனாள். நானும் கூடப் போனேன். கதவு பாதி திறந்தது. தையலக்காவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"தப்பு என்னோடதுக்கா. தண்ணி கசக்கத்தான் செய்யுது. காலையில மூணு நிமிஷம் ஓடவிட்டுப் பிடி. பாப்பாவுக்கு வலி அதனாலதான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? நீ நம்பர்தானே சொல்லுவ."

சித்தி தாளை நீட்டினாள். தையலக்கா வாங்கிப் படிக்காமல் மடித்தாள்.

"நான் நம்பரா கேட்டேன்? ஜன்னல்ல உன்கிட்டதானே சொன்னேன். பதினாலு படி. இறங்கி வந்து ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்."

சித்தி படிகளைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா எப்படியிருக்கா?" என்றாள் கடைசியில்.

"கேன் தண்ணி வாங்குறேன். நல்லாருக்கா." உள்ளே மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். "துணி கிடக்கு." கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்கு எங்கள் சமையலறைச் சுவரில் போகும் குழாய் லேசாக அதிர்ந்தது. கீழ் வீட்டில் குழாய் திறந்தால் அப்படித்தான் கேட்கும். சித்தி சுவரில் உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் ஓடி நின்றது. சிறிது இடைவெளி விட்டு மறுபடி திறந்தது, பாத்திரம் நிறைகிற நேரம் வரைக்கும்.

"பாத்திரம் கழுவியிருக்கலாம் சித்தி."

யார், எப்போது, எப்படி என்று அவள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் வரவில்லை. வேலைக்கு நேரமாகும்வரை நின்றுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஜன்னலைத் திறந்து கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள்.