சூடாக இருந்த பானெட்

சித்தப்பா பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போகிறார் என்பது வானகரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கே தெரிந்திருந்தது. எந்தக் கார் என்பது மட்டும் அவருக்கே தெரியாது. மாதக்கணக்காக வீடியோ பார்த்து அவர் சேர்த்த விதிகளை என்னைத் தவிர வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. விதி என்று எதைச் சொன்னாலும் மனப்பாடம் செய்துவிடுவேன்.

தகரத்தின் மேல் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். காருக்குள் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பானெட்டைத் தொட வேண்டும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் அதன் கோளாறு தெரியும். நாம் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். "சூடா இருந்தா டீ கூட குடிக்காம திரும்பிடணும்" என்பது சித்தப்பாவின் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சித்தப்பாவும் பைக்கில் பூந்தமல்லிக்குப் போனோம். எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய மாம்பழ வடிவக் காந்தம் என் கையில் இருந்தது. கார் சிவப்பு. கூரை கிடையாது, இருக்கை இரண்டே. கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்த ஒரு பாய் அதை விற்கிறார்.

"முட்டி மடங்க மாட்டேங்குது தம்பி. உள்ள குந்தினா என்னைத் தூக்கிவிட ரெண்டு ஆளு வேணும்."

"அந்த ரெண்டு ஆளும் நான்தான்" என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி.

சித்தப்பா காரைப் பார்த்த பார்வையிலேயே சட்டங்கள் மறந்துவிட்டன என்று தெரிந்தது. நான் பானெட்டில் கை வைத்தேன்.

"சூடா இருக்கு சித்தப்பா. திரும்பிடலாம்."

பாய் தாடியைத் தடவினார். "காலைல சும்மா ஒரு ரவுண்டு பாப்பா. செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும்."

"விக்கிற காரை எதுக்கு ஓட்டுனீங்க?"

அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீ போட உள்ளே போனார். சித்தப்பா அந்த வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆறட்டும் பாய். இருந்து பாத்துட்டே போறோம்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. அதையும் குடித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் மிச்ச வேலையை நானே பார்த்தேன். கதவுகளில் காந்தம் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் நழுவி விழுந்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே, கால் வைக்கும் இடத்தில் ஈர மண். இருக்கையில் ஒரு மல்லிகைப் பூ, இன்னும் வாடவில்லை. மூன்றையும் உரக்க அறிவித்தேன்.

"தட்டி வுடுங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா" என்று உள்ளேயிருந்து பாயின் மனைவி குரல் வந்தது.

"இன்னா பண்றது, போலீஸையே கூட்டினு வந்துகீறாரு" என்றார் பாய். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆறிய இஞ்சின் இரண்டாவது முயற்சியில் பிடித்தது. ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகை இல்லை. சேஸிஸ் எண்ணும் சரியாக இருந்தது. சித்தப்பா அங்கேயே விலை பேசி முடித்துக்கொண்டார். கிளம்பும்போது, "எப்பவாச்சும் ஏரிக்குப் போகணும்னா போன் பண்ணுங்க பாய், வண்டிய எடுத்துட்டு வரேன்" என்று தேவையே இல்லாமல் ஒரு வாக்கும் கொடுத்தார்.

நான் வளர்ந்துவிட்ட இப்போது, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சின் சோதனைதான் என் வேலை. இஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் தொடங்குவோம். விதியில் தவறில்லை.

அன்று பைக்கில் திரும்பும் வழியெல்லாம் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் குறைகளை ஒப்பித்துக்கொண்டே வந்தேன்: சூடான பானெட், பட்டி, ஈர மண், பூ.

"அதுல பட்டி மட்டும்தான் குறை" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் காந்தத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, சித்தப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.