மணவறைக்கு ஒரு கேமரா

என் மகளின் கல்யாணத்தில் மணவறை மேடைமேல் ஏறி நிற்பதற்காகத்தான் நான் கேமரா வாங்கினேன். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

கணவர் போனபோது மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் காலடி எடுத்து வைத்திருந்தாள். நான் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்த்து அவளைப் படிக்கவைத்தேன். உள்ளே போனால் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி, வாய்க்கு மூடி, தலைக்கு மூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். யார் சுமங்கலி, யார் தாலி இழந்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த வேலையை நான் இத்தனை வருஷம் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மகள் பினாங்கில் பேங்க் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். சுங்கைப் பட்டாணியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல மனிதர்கள்தான். கல்யாணப் பேச்சு அதே ஊரில் என் அண்ணன் வீட்டில் நடந்தது. அண்ணன் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயைத் திறக்குமுன் அண்ணி திறந்துவிடுவார், அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

"கன்னிகாதானத்துக்கு நானும் உங்கண்ணனும் நின்னுக்கிறோம். நீ ஒண்ணும் கவலப்படாத," என்றார் அண்ணி. குரலில் தேன் வடிந்தது. "உனக்குன்னு முன் வரிசையில தனியா சோபா போடச் சொல்லியிருக்கேன். நல்லா சாஞ்சு உக்காந்து பாரு."

இத்தனை காலம் நிமிர்ந்து உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடியவளுக்குச் சாய்ந்துகொள்ள சோபா. இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல அண்ணி என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி நெனைப்பாங்கம்மா," என்றாள் தலையைத் தூக்காமல். "ஒரு நாள்தானே. விடுங்களேன்."

அண்ணி சொன்னது எனக்கு உறைக்கவில்லை. அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும். மகள் சொன்னதுதான் நெஞ்சைப் பிளந்தது. அன்று அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் உடன் வேலை பார்க்கும் ஒருத்தியின் தங்கைக்குக் கல்யாணம். அங்கே படம் எடுத்தவர் ஒரு பெண். கறுப்பு டி-சட்டை, காலுக்குக் கறுப்புச் சிலுவார், கழுத்தில் பெரிய கேமரா. மணவறையில் ஐயருக்கு முன்னால் நின்றார், பின்னால் நின்றார், மணப்பெண்ணின் புடவை மடிப்பை இழுத்து நேராக்கினார், மாலையைத் திருப்பிப் போட்டார், கட்டின தாலியைக்கூட விரலால் எடுத்து வெளியே தெரியும்படி வைத்தார். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்பு மோட்டார் விபத்தில் போய்விட்டாராம்.

"மேடையில ஏறுறப்ப யாரும் ஒண்ணும் சொல்றது இல்லையா?"

"கேமரா தூக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்கக்கா," என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "நம்மள ஆளாவே பாக்க மாட்டாங்க லா."

அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அது வழியாகத் தெரிந்தது.

கேமரா ஆசை எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் ஆசைப்பட்டது வேறு கேமரா. லீவு நாளில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து நீர்வீழ்ச்சிக்குப் போவோம், குனோங் ஜெராய் மலை ஏறுவோம். ஒரு தடவை என் கைப்பேசி பாறையிலிருந்து வழுக்கி ஆற்றோடு போனது. அதிலிருந்து, தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத முரட்டுக் கேமரா ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி கேமராக்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். என் வாழ்க்கையில் எனக்கென்று நான் ஆசைப்பட்ட சாமான் அது ஒன்றுதான். கையிலிருந்த காசுக்கு ஒன்று வாங்கலாம். இரண்டு வாங்க முடியாது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனர் கடை. கடைக்காரர் ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசினார். முரட்டுக் கேமராவை எடுத்து ஒரு பேசின் தண்ணீரில் போட்டார். எடுத்துத் துடைக்காமலே தரையில் நழுவவிட்டார். அது மங்கு ஓடு பதித்த தரையில் துள்ளி என் காலடியில் வந்து விழுந்தது.

"மண்ணுல போடலாம், மழையில போடலாம். ஒங்க வீட்டுக்காரர் கோவத்துல தூக்கி எறிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது அக்கா."

"எறியறதுக்கு ஆள் இல்ல. செத்துட்டாரு."

"சோரி லா," என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதை இன்னொரு தடவை கீழே போட்டுக் காட்டினார்.

கையில் எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. லென்ஸ் வெளியே நீளாது, எல்லாம் உள்ளுக்குள்ளேயே. ஓரத்தில் ரப்பர். எத்தனை அடி பட்டாலும் வெளியே காட்டிக்கொள்ளாத ரகம். என் ரகம்தான், எனக்குத் தெரியாதா. விட மனசே வரவில்லை.

பிறகு அவர் மிரர்லெஸ் கேமராவைப் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது, ஆனால் பார்க்கப் பெரிதாக இருந்தது. லென்ஸைக் கழற்றி மாற்றலாம். இதற்கு மழை ஆகாது, தூசி ஆகாது, அடிபட்டால் ஆகாது, லென்ஸ் மாற்றும்போது காற்று வீசினால்கூட ஆகாது. இத்தனை ஆகாதுகள் உள்ள ஒன்றைத்தான் மணவறைக்கு விடுவார்கள், என்னை விடமாட்டார்கள்.

"எங்க எடுக்கப் போறீங்க?" என்றார்.

"கல்யாண மண்டபத்துல."

"அப்ப இதுதான். மண்டபத்துல வெளிச்சம் பத்தாது. அந்தச் சின்னதுக்குள்ள இருக்கிற சென்சார் சின்னது, படம் மண்ணு தூவின மாதிரி வரும். இது ஆளோட கண்ணையே தேடிப் புடிக்கும். ஆனா ஆத்துல விழுந்தா முடிஞ்சது கதை."

நான் வந்த காரணமே வேறு. "எத மாட்டிக்கிட்டா போட்டோகிராபர் மாதிரி தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். மேசை இழுப்பறையைத் திறந்து, லென்ஸின் முனையில் மாட்டும் கறுப்பு மூடாக்கு ஒன்றை எடுத்துத் திருகி மாட்டினார். கேமரா இன்னும் ஒரு விரல் நீளம் வளர்ந்தது. வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடையின் கண்ணாடிக் கதவில் பார்த்தேன். நெற்றியில் ஒன்றும் இல்லாத ஒருத்தி அங்கே நிற்கவில்லை. ஒரு கேமரா நின்றது, அதற்குப் பின்னால் யாரோ. முரட்டுக் கேமராவைப் பேசின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் கண்ணீர். ஒரு சாமானுக்காகவா இப்படி அழுவார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்க மாட்டார், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது என்று சொன்னதும் அண்ணன் நிம்மதியாக மூச்சுவிட்டார். "நல்லதுதான். கையில வேலை இருந்தா மனசு அலையாது."

அண்ணி விவரமானவர். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், சிரித்தார். "எடு, எடு. ஆனா பட்டுப்புடவையெல்லாம் வேணாம் என்ன. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குழம்பிடுவாங்க. போட்டோ எடுக்கறவங்க போடுற மாதிரி கறுப்பு சட்டை போட்டுக்க."

நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை மஞ்சள் நீராட்டிலிருந்து திருப்பி அனுப்பியவர் இவர். அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. சொன்னால் மேடை போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். மகளுக்குத்தான் உண்மையிலேயே சந்தோஷம். "பாத்தீங்களாம்மா, எல்லாருக்கும் பிரச்சினை இல்லாம முடிஞ்சிருச்சு," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அப்படித்தான் நான் என் ஒரே மகளின் கல்யாணத்துக்குக் கறுப்பு டி-சட்டையும் சிலுவாரும் போட்டுக்கொண்டு போனேன். மேடைப் படியில் கால் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஐயர் என்னைக் "கேமரா" என்றே கூப்பிட்டார். "கேமரா, இந்தப் பக்கம் வாங்க, அங்க புகை அடிக்கும்." மாப்பிள்ளையின் சித்தி நாலு பேரைச் சேர்த்து நிறுத்திக்கொண்டு, "தங்கச்சி, எங்கள ஒண்ணு எடு," என்றார். எடுத்தேன். "பொண்ணோட அம்மாவக் காணோமே, எங்க?" என்று என்னிடமே கேட்டார்.

"வேலையா இருக்காங்க," என்றேன்.

கீழே முன் வரிசையில் சோபா காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது. மகள் வந்து மணையில் உட்கார்ந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். அவள் பிடரியில் வியர்வை, மல்லிகை, குழந்தையிலிருந்தே இருக்கும் மச்சம், எல்லாவற்றையும் பார்த்தேன். ஊரையே ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

"பொண்ணோட அப்பா அம்மா வாங்க, பாத பூஜை," என்றார் ஐயர்.

என்னையறியாமல் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன். சத்தியமாகத் தெரியாமல் வைத்த அடி. அண்ணி பட்டுப்புடவை சரசரக்க என்னைக் கடந்து போனார். போகிறபோக்கில், உதடு அசையாமல், "நீ அங்கயே நில்லு. படம்தான் முக்கியம்," என்றார்.

அண்ணனும் அண்ணியும் பித்தளைத் தாம்பாளத்தில் ஏறி நின்றார்கள். மகள் குனிந்து பால் ஊற்றினாள், தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள், பூப் போட்டாள். பிறகு தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள். கேமராவின் சின்னப் பச்சைக் கட்டம் அண்ணியின் கண்ணைத் தேடிப் பிடித்தது. அழுத்தினேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அற்புதமாக விழுந்தது.

"அண்ணி, கண்ண மூடிட்டீங்க," என்றேன். "இன்னொரு தடவ."

அண்ணிக்கு வலது முட்டியில் வலி. எல்லாருக்கும் தெரியும். ஈரத் தாம்பாளத்தில் வழுக்காமல் நிற்க அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் என்றதும் மறுபேச்சில்லாமல் சிரித்தார். மகள் எழுந்து, மறுபடி விழுந்தாள். "அண்ணே, உங்க தல மறைக்குது. இன்னொண்ணு." பிறகு, மாலை கோணலாக இருக்கிறது என்றேன். பிறகு, அண்ணி கொஞ்சம் நேராக நிமிர்ந்து நில்லுங்கள், முட்டியை மடக்காதீர்கள் என்றேன். அண்ணியின் மூக்கின்மேல் வியர்வை துளிர்த்தது, தோளைப் பிடித்த கை இன்னும் இறுகியது. அவர் சிரித்தபடியே இருந்தார், மண்டபம் முழுக்கப் பார்க்கிறதே. நேரமாகிறது என்று ஐயர் முணுமுணுத்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்மணி நான் சொன்னபடி நின்றது அன்றுதான்.

"கடைசியா ஒண்ணு," என்றேன்.

மகள் விழுந்தாள். இந்தத் தடவை உடனே எழவில்லை. கும்பிட்ட கையோடு தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். நெற்றியில் பாலும் மஞ்சளும் அப்பியிருந்தது. பச்சைக் கட்டம் அண்ணியை விட்டு அவள் கண்ணுக்குத் தாவியது. அண்ணியை நிறுத்தி வைத்துப் பழி வாங்குகிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் காலில் விழுந்தது என் மகள். விழவைத்தது நான். அது அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்திருக்க வேண்டும்.

"போதுமாம்மா?" என்றாள்.

விரல் அதற்குள் அழுத்திவிட்டிருந்தது.