கருப்பு உள்ளங்கையும் மாடிப்படி இருட்டும்

என் அக்காவிடம் முதல் முறை படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நொடி பின்வாங்குவார்கள். அறையத்தான் கையை ஓங்குகிறாள் என்று நினைத்துவிடுவார்கள். அவள் கை அவர்கள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிற்கும். மறு கையிலிருக்கும், வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரை அந்த உள்ளங்கைக்கு நேராகப் பிடித்து, ஊசி எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். வீட்டில் அவளுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தது நான்தான். தங்கை என்று ஒருத்தி இருந்தால் இதுகூடச் செய்யாமல் எப்படி?

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பகலெல்லாம் ஊரார் எலும்பைப் பிடிப்பாள். சாயங்காலமானால் ஊரார் முகத்தைப் பிடிப்பாள். கருப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும்தான். அதைக் கழுவுவது எங்கள் வீட்டுக் குளியலறையில். "கதவைத் திறந்தே, கொன்னுடுவேன்!" என்று உள்ளேயிருந்து அவள் கத்த, வெளியே நாங்கள் வரிசையாக அடக்கிக்கொண்டு நிற்போம். அந்த அவஸ்தையைச் சொல்லி மாளாது.

"மீட்டர் ஒரு அசடுடி" என்பாள். "எதைக் காட்டினாலும் சாம்பல்னுதான் நெனைக்கும். வெள்ளைச் சுவரைக் காட்டினா, அடேயப்பா இவ்ளோ வெளிச்சமான்னு பயந்து குறைக்கச் சொல்லும். சுவர் அழுக்கா வரும். கருப்புக் கோட்டைக் காட்டினா, ஐயோ இருட்டுன்னு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டச் சொல்லும். கோட்டு வெளுத்துப்போயிடும்." அதனால் சுவரையும் கோட்டையும் நம்பாமல் தன் உள்ளங்கையையே காட்டுவாள். உள்ளங்கை சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பு. மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விட்டால் கணக்கு சரியாக இருக்கும். அந்தக் கை அவளை ஏமாற்றியதே இல்லை.

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்க ஒருவர் வருவார். லிஃப்ட்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அக்கா அவரைப் படமெடுக்கக் கையை நீட்டினாள். அவர் பின்வாங்கவில்லை. கை குலுக்கத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்து, தன் கையைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டார். மீட்டர் ஊசி தொபுக்கென்று விழுந்தது. அக்காவும்தான். அதன் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி நின்றுபோனதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். நான் நம்பத் தயாராக இல்லை.

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், வரன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் அக்கா, கண்ணாடி முன்னால் நின்று தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆனால் இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. இதற்கிடையில் என் கல்யாணம் வந்தது.

"அவரைக் கூப்பிட்டிருக்கேன்டி" என்றாள். "வந்தார்னா மனசுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா இனிமே நான் மாடிப்படிதான் ஏறுவேன்."

எக்ஸ்ரே அறை இருப்பது உச்சி மாடியில்.

"அவர் என்ன சொன்னார்?"

"வேலை முடிஞ்சா வர்றேங்கன்னார்."

அந்த 'முடிஞ்சா'வை வைத்துக்கொண்டு கல்யாணம் வரை என் உயிரை எடுத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தால் மாப்பிள்ளையின் கருப்பு ஷூ முழுக்கப் புழுதி. பிரஷைக் காணோம். "குடுங்க" என்று பிடுங்கிய அக்கா, பாலிஷை வெறும் கையால் அள்ளித் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். ஒரு துணியில் கையை ஒப்புக்குத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள். கண் ஒன்று மீட்டர் ஊசியில், மற்றொன்று வாசலில். கையை யார் பார்த்தது?

மண்டபத்து ஹாலில் ஜன்னல் வெளிச்சம் எங்கள் மேல் விழுகிற மாதிரி எங்களை நிறுத்தினாள். எங்களுக்குப் பின்னால் மாடிப்படி. அதன் அடியில் மையிருட்டு. கையை நீட்டினாள், ஊசியைப் பார்த்தாள். "இந்த ஹால் என்ன குகையா?" என்று முணுமுணுத்தாள். மீட்டர் கேட்ட வெளிச்சத்துக்கு ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டு, "யாரும் அசையாதீங்க! மூச்சுகூட விடாதீங்க!" என்று கத்தினாள். அப்படிச் சொன்னால் சிரிப்பு வராதா? மாப்பிள்ளை குலுங்கினார், நான் குலுங்கினேன், அம்மா தும்மினாள். ஒவ்வொரு படத்துக்கும் இதே கூத்து.

கடைசி விருந்தாளியும் போன பிறகு அக்கா முக்காலியை மடக்கினாள். "வரலைடி" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த ஆளை அவர் லிஃப்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பேன். மறுநாளிலிருந்து அக்கா சொன்னபடியே மாடிப்படி ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, குளியலறையிலிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். அக்கா ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து நின்றாள். ஃபிலிம் முழுக்கத் தார் பூசிய மாதிரி கருப்பு; வெளிச்சம் அதிகமாகிப்போனால் ஃபிலிம் இப்படித்தான் கருத்துவிடும். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைகளில் இன்னும் பாலிஷ் கறை இருந்தது.

"கருப்புக் கையைக் காட்டியிருக்கேன்டி! அந்த அசடு இருட்டுன்னு நம்பி அள்ளிக் கொட்டச் சொல்லியிருக்கு! அதுக்கு மேல நான் வேற ஒரு ஸ்டாப்!"

"என் கல்யாணம்க்கா அது!" என்று பாய்ந்தேன்.

"கத்தாதே. இந்த ஃபிலிம் தாங்கும். பிரிண்ட் போடும்போது ரொம்ப நேரம் வெளிச்சம் விட்டா முகம் வந்துடும்."

சிவப்பு பல்பைப் போட்டாள். தட்டில் மருந்துக்குள் மிதந்த தாளில் நாங்கள் மெல்ல எழுந்து வந்தோம். நானும் மாப்பிள்ளையும் சிரித்துக் குலுங்கியதில் உருவம் கலங்கியிருந்தோம். அம்மாவுக்கு இரண்டு மூக்கு. எங்களுக்குப் பின்னால், வெறும் கருப்பாக இருந்திருக்க வேண்டிய மாடிப்படி அடியில், கொட்டிய வெளிச்சத்தில் எல்லாமே தெரிந்தது: ஒரு விளக்குமாறு, உடைந்த நாற்காலி, அதன் பக்கத்தில் ஒரு மனிதர். அழுக்கேறிய வேலைச் சட்டை. கைகள் இரண்டும் விறைப்பாக. கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது.

"அக்கா, இது..."

அடுத்த படத்தைப் போட்டாள். அதிலும் நின்றார். அதற்கடுத்ததிலும் நின்றார். ஹாலே கலங்கிக் கிடக்க அவர் ஒருவர் மட்டும் துல்லியமாக இருந்தார். யாரும் அசையாதீங்க என்று அவள் கத்தியதை அத்தனை பேரில் கேட்டு நடந்தவர் அவர்தான்.

"வேலை முடிஞ்சு நேரா பின்வாசல் வழியா வந்திருக்கார்டி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அந்தச் சட்டையோட வெளிச்சத்துக்கு வர வெக்கப்பட்டிருக்கார். நான் கையைக் கழுவியிருந்தா இவர் வந்ததே தெரிஞ்சிருக்காதே!"

சொட்டச் சொட்ட ஈரப் படத்தோடு கிளம்பிவிட்டாள். காலில் ஒன்று அவள் செருப்பு, மற்றது அம்மாவுடையது. நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வழியெல்லாம் என்னிடம் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் அக்காவுக்கு மறந்துபோனது. கையை மட்டும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

மறு கையில் மீட்டர் இல்லை, படம்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். காது வரை சிவந்து, படத்தில் நின்ற மாதிரியே விறைத்து நின்றார்.

"அசையலாமாங்க?" என்று கேட்டார்.

"அசைங்க" என்றாள் அக்கா.

அவர் தன் கையை எடுத்து அவள் கையில் வைத்தார். அதில் லிஃப்ட் கிரீஸ் அப்பியிருந்தது. அக்காவின் உள்ளங்கை மறுபடியும் கருப்பானது. இந்தத் தடவை அவள் அதைப் பார்த்தாள், துடைத்துக்கொள்ளத்தான் இல்லை.