கம்பெனி பஸ்ஸில் ஓர் உறுதிமொழி

கொரோனா ஓய்ந்த மறுவருஷம், ஆடி பிறந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை, ஊத்துக்கோட்டையிலிருந்து கிளம்பிய எங்கள் கம்பெனி பஸ்ஸில் மோல்டிங் பகுதிக்காரர் ஒருவர் எழுந்து நின்று, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். செவ்வாய் என்று சிலர் சாதிப்பார்கள். செவ்வாயன்று பஸ் வரவே இல்லை, டயர் வெடித்து எல்லோரும் ஷேர் ஆட்டோவில் போனோம். புதன்தான்.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். நாற்பதை நெருங்கியும் கான்ட்ராக்டில்தான் இருந்தார். லைன் லீடர் இடம் ஒன்று காலியாக இருந்தது, கிடைத்தால் வேலை நிரந்தரம். ஆனால் கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நிற்க, லைன் லீடர் பாதுகாப்பு உறுதிமொழியை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சூப்பர்வைசர் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "வேலையெல்லாம் உனக்கு அத்துப்படி. வாயத்தான் தொறக்க மாட்டற. ஆயுத பூஜை முடிஞ்ச மொத திங்கக்கெழமை எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டு. முடியலன்னா டிப்ளமா படிச்சவனுக்குப் போயிடும்."

உறுதிமொழியின் முதல் சொல் 'பணியிடத்தில்'. எழுதியவருக்கு இவர்மேல் என்ன கோபமோ.

அந்தப் புதன்கிழமை அவர் "ப... ப..." என்று நின்றபோது பின்சீட்டிலிருந்து முதல் குரல் வந்தது.

"டிரைவரண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆவல. எறங்கித் தள்ளலாமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவர், எங்கள் எல்லோரிலும் வாய் நீளமானவர், எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா நைனா, பெரியபாளையம் போறதுக்குள்ள ஒரு வார்த்தையாச்சும் வருமா? இல்ல நாளைக்கு வந்து கேட்டுக்கவா?"

அவர் உட்காரவில்லை. மறுநாளும் நின்றார். பழக்கத்தைப் பற்றி வரும் புத்தகங்களை விடாமல் வாங்குகிறவன் நான். ஒரே நேரம், ஒரே இடம், கொஞ்சம் கொஞ்சமாக என்று அவை பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் எதையும் படிக்காமலே செய்தார். சில நாள் ஒரு வரி வரும். சில நாள் அரை வார்த்தையோடு பெரியபாளையம் வந்துவிடும், அதோடு உட்கார்ந்துவிடுவார். பல் பிடுங்கிய மறுநாள் வாயில் பஞ்சோடு நின்று முனகினார். "இன்னிக்கு சைலன்சர் மாட்டிக்கினு வந்துகீறாரு" என்றான் ஒருவன்.

ஆவணி கடைசியில் கேலிக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. அவர் 'ப'வில் சிக்கியதும் பின்சீட்டு மொத்தமும் "தள்ளு!" என்று கத்தும். கத்தல் ஓயும் இடத்தில் சொல் வந்து விழும். "தள்ளு!" "பணியிடத்தில்." "தள்ளு!" "பக்கத்தில் நிற்பவர் உயிரையும்." புரட்டாசி நடுவில் காகிதமில்லாமல் கடைசி வரிவரை சொன்னார். விசில் பறந்தது. "எங்களுக்கு ட்யூஷன் பீஸ் எடுத்து வெய்யி நைனா" என்றார் அக்கா. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கேலி எந்த இடத்தில் முடிந்து சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். யாரும் சிரிக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். மோல்டிங் ஷெட்டை அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை.

அவர் முன்னால் வந்து நின்றார். உதடு ஒட்டியது.

"பரவாயில்ல, நிதானமா சொல்லுங்க" என்றார் மேனேஜர், அப்பாவைப் போல.

கழுத்து நரம்பு புடைத்தது. கண் எங்கள் பக்கம் வந்தது. பிச்சை கேட்கிற கண். பக்கத்தில் நின்ற அக்கா வாயைத் திறந்தார். சூப்பர்வைசர் முறைத்தார். அக்கா மூடிக்கொண்டார். யாரும் கத்தவில்லை. அத்தனை மாதமாக எங்களிடம் இல்லாத நாகரிகம் சரியாக அன்றைக்கு வந்து சேர்ந்தது.

கடைசியில் மேனேஜர் அவர் தோளைத் தட்டி, "நல்ல முயற்சி, எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினோம். கைதட்டல் ஓய்ந்ததும் டிப்ளமா படித்தவன் வந்து உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் செவ்வாய். அவர் பஸ் ஏறியதும் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்குமுன் அக்கா யாருக்கும் இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் உட்காரவில்லை. வழக்கமான இடத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களே நைனா," அக்கா மெதுவாகச் சொன்னார், "இன்னும் எதுக்கு இந்த பேஜாரு?"

"அவன் டி... டிப்ளமா. வெளிய நல்ல சம்பளம் வந்தா ஓடிருவான். அப்ப எ... எடம் காலியாவும்."

பின்சீட்டில் ஒருவன் உதவி செய்கிற நினைப்பில், சின்னக் குரலில், "தள்ளு" என்றான்.

அவர் திரும்பினார். "வாய மூட்றா. இனிமே ஒருத்தரும் கத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. நேத்து நின்ன மாரியே கம்முனு என் மூஞ்சியப் ப்... பாத்துக்கினு குந்துங்க."

டிரைவர் ரேடியோவை அணைத்தார். அவர் தொடங்கினார். உதடு ஒட்டியது. பெரியபாளையம் வந்தது, அவர் உட்காரவில்லை. எங்கள் பக்கத்து ஆரணியில் ஒருவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். கம்பியில் மோதிரத்தால் தட்டி அவனைத் திரும்ப வைத்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க அவர் விடவில்லை.

புதுவாயலில் பஸ் நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது "பணி" என்று வந்தது. பாதி வார்த்தை. மீதியை அவர் தேடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.